முட்டையும் கண்ணும்: மஞ்சள் கருவால் ஆவதும் ஆகாததும்

பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முதன்முதலாகக் கண்ணாடி போட்டதும் வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதில் கேரட்டுக்கு அடுத்த இடம் முட்டைக்குத்தான். தினமும் ரெண்டு முட்டை கொடுங்கள், ஆறே மாதத்தில் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று அடித்துச் சொல்கிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். இன்னொரு பக்கம், முட்டைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம், அதில் இருப்பது புரதம் மட்டும்தானே என்று மஞ்சள் கருவைத் தோண்டித் தூரப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் தின்கிற கூட்டமும் பெருகிவிட்டது. ரெண்டு தரப்பும் சொல்வது சரியில்லை. முட்டைக்கும் கண்ணுக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டு, ஆனால் அது கண்ணாடி பவரோடு இல்லை. அதுபோக, கண்ணுக்கு முக்கியமான சரக்கு கிட்டத்தட்ட எல்லாமே குப்பைக்குப் போகிற அந்த மஞ்சள் கருவில்தான் இருக்கிறது.

கண்ணில் வருகிற எல்லாக் கோளாறையும் ஒரே கோளாறாக நினைப்பதால்தான் இத்தனை குழப்பம். அதை முதலில் பிரித்துக்கொள்வோம்.

## கண்ணாடி பவர் எங்கிருந்து வருகிறது

கண்ணின் முன்பக்கத்துக்கு ஒரு வேலை, பின்பக்கத்துக்கு வேறு வேலை. முன்னால் இருக்கும் கருவிழியும் லென்ஸும் வெளிச்சத்தை உள்ளே விட்டு ஓரிடத்தில் குவிக்கின்றன. பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய படலம் அந்த வெளிச்சத்தை வாங்கி, மின் துடிப்பாக மாற்றி, நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகிறது. அந்தப் படலத்துக்குப் பெயர் விழித்திரை. இந்தக் கட்டுரையில் இனி அடிக்கடி வரப்போவது அதுதான்.

வளர்ந்த ஒருவரின் கண்விழி முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டால் போதும், வெளிச்சம் விழித்திரைக்கு வந்து சேர்வதற்கு முன்பே குவிந்துவிடும், கரும்பலகை மங்கலாகும், மைனஸ் இரண்டரை மூன்று பவரில் கண்ணாடி போட வேண்டிவரும். கிட்டப்பார்வை பெரும்பாலும் இவ்வளவுதான், நீளம் சம்பந்தப்பட்ட விஷயம். நீண்டுவிட்ட விழியைச் சுருக்குகிற உணவு எதுவும் கிடையாது. முட்டையும் செய்யாது, கேரட்டும் செய்யாது. பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போட உதவுவதாக ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவருவது பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுகிற நேரம்தான். அதனால் முட்டையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தெருவுக்கு விரட்டிவிடுங்கள்.

நாற்பது வயதுக்கு மேல் செய்தித்தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் படிக்க வைக்கிற வெள்ளெழுத்து, லென்ஸ் விறைத்துப்போவதால் வருவது. கண்புரை, அதே லென்ஸ் கலங்கிப்போவது. அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. கிளாக்கோமாவில் கெடுவது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு. இவை எதையும் முட்டை சரிசெய்யாது.

ஆக, முட்டைக்கு வேலை இருக்கிற இடம் பின்பக்கத்து விழித்திரை. அங்கே ரெண்டு வேலைகளில் அதற்குப் பங்கு இருக்கிறது: ஒன்று இருட்டில் பார்ப்பது, இன்னொன்று நட்டநடுப் பார்வையைக் காப்பது.

## இருட்டில் பார்ப்பது: வைட்டமின் ஏ

மத்தியான வெயிலில் இருந்து நேராக சினிமா தியேட்டருக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? முதல் சில நிமிடங்களுக்கு சீட் எண்ணும் தெரியாது, யார் காலை மிதிக்கிறோம் என்பதும் தெரியாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வரிசை தெரியும், தலைகள் தெரியும், இடைவேளைக்கு முன்பே பக்கத்து சீட்டுக்காரர் சட்டையின் கட்டம்கூடத் தெரியும். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். அந்த நேரத்தில் உள்ளே நடக்கிற வேலைக்கு மூலப்பொருள் வைட்டமின் ஏ.

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. நல்ல வெளிச்சத்தில் நிறமும் நுணுக்கமும் பார்ப்பவை கூம்பு செல்கள், சுமார் 60 லட்சம். மங்கலில் பார்ப்பவை குச்சி செல்கள், சுமார் 12 கோடி. இந்தக் குச்சி செல்லுக்குள் ரோடாப்சின் என்றொரு பொருள் அடைந்து கிடக்கிறது. அதில் ரெண்டு பாகம். ஒன்று ஆப்சின் என்கிற புரதம், மற்றது அதன் நடுவில் வளைந்து செருகிக்கொண்டிருக்கும் ரெட்டினால். இந்த ரெட்டினால் வேறு யாருமில்லை, வைட்டமின் ஏவின் ஒரு வடிவம்தான்.

வெளிச்சம் வந்து பட்டதும் வளைந்திருந்த ரெட்டினால் சட்டென்று நிமிர்கிறது. நாம் பார்ப்பதன் ஆரம்பப் புள்ளி இந்த நிமிர்தல்தான், மற்றதெல்லாம் இதன் தொடர்ச்சி. நிமிர்ந்ததும் புரதத்தின் உருவம் மாறுகிறது, அதிலிருந்து சமிக்ஞை கிளம்பி மூளைக்குப் போகிறது. நிமிர்ந்த ரெட்டினாலுக்கு இனி அங்கே வேலை இல்லை. அது கழன்று, பக்கத்து அடுக்கில் உள்ள செல்களுக்குப் போய், அங்கே மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்பி வந்து புரதத்தில் செருகிக்கொள்ள வேண்டும். வெயிலில் நிற்கும்போது குச்சி செல்களில் இருக்கும் ரோடாப்சின் பெரும்பகுதி கலைந்து கிடக்கிறது. தியேட்டருக்குள் காத்திருக்கிற நிமிடங்களில் அது திரும்பச் சேர்கிறது. இந்தச் சுழற்சியில் வைட்டமின் ஏவின் பங்கைக் கண்டு சொன்ன ஜார்ஜ் வால்டுக்கு 1967ல் நோபல் பரிசு கிடைத்தது.

சுற்றிச் சுற்றி வந்தாலும் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும், அதை ரத்தத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். ரத்தத்துக்கு அனுப்புவது கல்லீரல். நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவரின் கல்லீரலில் மாதக்கணக்கில் வருமளவு வைட்டமின் ஏ சேமிப்பில் இருக்கும், அதனால் ஒரு வாரம் முட்டை சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. சேமிப்பு தீர்ந்துபோனவருக்குத்தான் ரோடாப்சின் சரியாகச் சேராமல் பொழுது சாய்ந்ததும் தடுமாற்றம் வரும். மாலைக்கண் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். அதையும் கவனிக்காமல் விட்டால் வெண்விழி வறண்டு, அதில் சோப்பு நுரை ஒட்டிக்கொண்டது போன்ற வெள்ளைத் திட்டு தெரியும்; கடைசியில் கருவிழியே கரைந்து நிரந்தரமாகப் பார்வை போய்விடலாம். ஒரு காலத்தில் இந்தியாவில் குழந்தைகள் பார்வை இழக்க இது பெரிய காரணமாக இருந்தது. 9 மாதக் குழந்தையிலிருந்து 5 வயது வரை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கரண்டியில் ஊற்றுகிற வைட்டமின் ஏ சிரப், 1970ல் இந்தக் காரணத்துக்காகத் தொடங்கிய திட்டத்தின் தொடர்ச்சிதான்.

சரி, முட்டையில் எவ்வளவு இருக்கிறது? ஒரு நடுத்தர முட்டையில் 75 முதல் 80 மைக்ரோகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் சொன்ன கணக்குப்படி வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 1000 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 840. பெரியவர்களுக்கு ஒரு முட்டையால் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தேவையே ஏறத்தாழ பாதிதான் என்பதால் அவர்களுக்கு அதே முட்டை கொஞ்சம் கூடுதலாகப் பேசும். கேரட்டிலும் கீரையிலும் இருப்பது நேரடி வைட்டமின் ஏ கிடையாது, பீட்டா கரோட்டின் என்கிற ஆரஞ்சு நிறப்பொருள். உடம்பு அதை உடைத்து வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ள வேண்டும், உணவிலிருந்து வரும் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினுக்கு 1 மைக்ரோகிராம் தேறும் என்பது பரவலாகப் பயன்படுத்தும் கணக்கு. முட்டையில் அந்த வேலையைக் கோழியே முடித்துக் கொடுத்துவிடுகிறது. அளவு சின்னது, ஆனால் தயார் நிலையில் இருப்பது.

ஒன்றைக் கவனியுங்கள். பற்றாக்குறை உள்ளவருக்கு வைட்டமின் ஏ கொடுத்தால் இரவுப் பார்வை திரும்பும். பற்றாக்குறையே இல்லாதவருக்கு மேலும் மேலும் கொடுத்தால் ஒன்றும் கூடாது, இருக்கிற ஆப்சினுக்கு ஏற்ற ரெட்டினால் போதும். மாத்திரையாக அளவுக்கு மீறி விழுங்கினால் கல்லீரல் கெடும், கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் இருக்கிற பிள்ளையும் பாதிக்கப்படலாம். முட்டையில் இருக்கிற அளவால் அந்த ஆபத்து வராது.

## பள்ளிக்கூட முட்டை பற்றி ஒரு வார்த்தை

தமிழ்நாட்டில் முட்டை கண்ணுக்கு ஏதாவது செய்திருக்கிறது என்றால் அதன் பெரும்பங்கு இங்கேதான் நடந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. 1982ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989ல் கருணாநிதி ஆட்சியில் முட்டை நுழைந்தது, அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. படிப்படியாக ஏறி 2010ல் வாரத்துக்கு ஐந்து ஆனது. வீட்டில் பாலும் நெய்யும் கறியும் அபூர்வமாக இருக்கிற பிள்ளைக்கு, வாரத்தில் ஐந்து நாள் வரும் அந்த 80 மைக்ரோகிராம் சாதாரணமானதில்லை. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். வாழைப்பழம் நல்ல பழம், ஆனால் கண் விஷயத்தில் அது முட்டைக்கு ஈடே இல்லை. அதில் வைட்டமின் ஏவும் பெயருக்குத்தான், கொழுப்பும் பெயருக்குத்தான். கொழுப்பைப் பற்றி ஏன் இப்போது பேசுகிறேன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

## நட்டநடுப் பார்வை: லூட்டினும் ஸியாக்ஸாந்தினும்

இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை நகர்த்தாமல் நாலு வரி தள்ளிப் படித்துப் பாருங்கள். முடியாது. கண் ஒரு பரந்த காட்சியைப் பார்த்தாலும் எழுத்தைப் படிக்க, ஊசியில் நூல் கோர்க்க, எதிரில் வருகிறவர் முகத்தை அடையாளம் காண, விழித்திரையின் நடுவில் உள்ள சின்ன வட்டம் ஒன்றுதான் உதவுகிறது. குறுக்களவு சுமார் 5 மில்லிமீட்டர். அதற்கு மேக்குலா என்று பெயர். கூம்பு செல்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருப்பது அதன் நடுவில்தான்.

இந்த வட்டத்துக்கு லேசான மஞ்சள் நிறம் உண்டு. அந்த மஞ்சளை உண்டாக்குபவை லூட்டின், ஸியாக்ஸாந்தின் என்ற இரண்டு நிறப்பொருள்கள். பீட்டா கரோட்டினுக்கு உறவுக்காரர்கள்தான், ஆனால் இவை வைட்டமின் ஏவாக மாறுவதில்லை. நேராக மேக்குலாவில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுப்பவையும் பெரும்பாலும் இதே இரண்டுதான்.

அங்கே உட்கார்ந்து என்ன செய்கின்றன? மத்தியான வெயிலில் நாம் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்கிறோம் இல்லையா, மேக்குலா தனக்குள்ளேயே ஒரு மஞ்சள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் நீலப் பகுதிக்கு ஆற்றல் அதிகம், மஞ்சள் பொருள் நீலத்தை உறிஞ்சும். அதனால் செல்களுக்கு வந்து சேர்கிற நீலம் குறைகிறது. ஆனால் கூலிங் கிளாஸ் செய்யாத இன்னொரு வேலையும் இவை செய்கின்றன. விழித்திரை நாள் முழுக்க வெளிச்சமும் ஆக்சிஜனும் ஒன்றாகப் புழங்குகிற இடம், அங்கே செல்லின் கொழுப்புச் சுவரைக் கெடுக்கிற வீரியமான மூலக்கூறுகள் ஓயாமல் உருவாகும். லூட்டினும் ஸியாக்ஸாந்தினும் அவற்றைத் தணித்துவிடுகின்றன. இப்படித் தணிக்கும் பொருள்களை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்பார்கள்.

நீல வெளிச்சம் என்றதும் பலருக்குச் செல்போன் ஞாபகம் வந்திருக்கும். செல்போன் திரையிலிருந்து வருகிற நீலம், வெளியே பகல் வெளிச்சத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம். அது விழித்திரையைக் கெடுக்கிறது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. ராத்திரி போன் பார்த்துக் கண் எரிவது, பெரும்பாலும் இமைக்க மறந்து கண் காய்ந்துபோவதால். அதற்கும் முட்டைக்கும் தொடர்பில்லை.

லூட்டினை நம் உடம்பு தானாகத் தயாரிக்காது. கோழியும் தயாரிக்காது. மேய்கிற கோழிக்குப் புல்லிலும் கீரையிலும் கிடைக்கிறது, நாமக்கல் பக்கத்துப் பண்ணைக் கோழிக்குத் தீவனத்தில் இருக்கிற மக்காச்சோளத்திலிருந்து கிடைக்கிறது. கருவின் மஞ்சளைத் தூக்கிக் காட்டத் தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு சேர்ப்பதும் உண்டு. மாலை கட்டுகிற அதே செண்டுமல்லி. மருந்துக்கடையில் விற்கிற லூட்டின் மாத்திரைக்கும் மூலம் பெரும்பாலும் அந்தப் பூதான்.

வயது ஐம்பதைத் தாண்டும்போது சிலருக்கு மேக்குலா சிதைய ஆரம்பிக்கிறது. ஓரத்துப் பார்வை அப்படியே இருக்கும், நடுவில் மட்டும் மங்கலோ கரும்புள்ளியோ விழும், பேரப்பிள்ளை முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துத்தான் அடையாளம் காண முடியும். இதற்கு வயது சார்ந்த மேக்குலா சிதைவு என்று பெயர். முட்டை, கீரை, லூட்டின் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் வந்து நிற்பது இந்த நோயிடம்தான்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: மஞ்சள் கருவில் இருக்கும் வைட்டமின் ஏ, குச்சி செல்களுக்கு மங்கல் வெளிச்சத்தில் பார்க்க மூலப்பொருள்; அதே கருவில் இருக்கும் லூட்டினும் ஸியாக்ஸாந்தினும் நடு வட்டத்துக்குக் காவல். வெள்ளைக் கருவில் இந்த மூன்றும் இல்லை.

## அளவில் தோற்று, உறிஞ்சலில் ஜெயிப்பது

இங்கேதான் பெரும்பாலான கட்டுரைகள் கோட்டை விடுகின்றன. "முட்டையில் லூட்டின் அதிகம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதிகம் கிடையாது. ஒரு முட்டையில் லூட்டினும் ஸியாக்ஸாந்தினும் சேர்ந்து சுமார் 250 மைக்ரோகிராம். வேகவைத்த பாலக்கீரை 100 கிராமில் 11,000 மைக்ரோகிராமுக்கு மேல். கணக்குப் போட்டால் ஒரு கிண்ணம் கீரைக்கு ஈடுகட்ட நாற்பது முட்டைக்கு மேல் வேண்டும். அளவை மட்டும் பார்த்தால் முட்டை கீரையின் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

ஆனால் வாயில் போடுவது எல்லாம் ரத்தத்துக்குப் போவதில்லை. சாம்பாரைத் தாளிக்கும்போது எண்ணெயில் மஞ்சள்தூளைப் போட்டால் எண்ணெய் முழுக்க நிறம் இறங்குவதையும், அதே தூளை வெறும் தண்ணீரில் கலக்கினால் சற்று நேரத்தில் அடியில் படிவதையும் பார்த்திருப்பீர்கள். லூட்டினும் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கீரையில் அது இலையின் செல்களுக்குள் இறுக்கமாகச் சிக்கிக் கிடக்கிறது, கூடவே கொழுப்பும் கிடையாது. வெறுமனே அவித்து, எண்ணெய் காட்டாமல் சாப்பிட்டால் கணிசமான பகுதி குடல் வழியே வெளியே போய்விடும். மஞ்சள் கருவில் லூட்டின் ஏற்கெனவே கொழுப்பில் கரைந்த நிலையில் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 5 கிராம் கொழுப்பு, அதோடு லெசித்தின் என்ற பொருளும் உண்டு. லெசித்தின் எண்ணெயையும் தண்ணீரையும் கைகோர்க்க வைக்கிற ஆள். கேக் மாவில் முட்டை அடித்து ஊற்றினால் நெய் பிரியாமல் நிற்பது அதனால்தான். குடலிலும் கொழுப்பைப் பொடிப்பொடியாகச் சிதறடித்து உறிஞ்ச அது உதவுகிறது.

2004ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில ஆண்களுக்கு ஒரே அளவு லூட்டினை மாத்திரையாகவும், பாலக்கீரையாகவும், லூட்டின் செறிவூட்டிய முட்டையாகவும் வெவ்வேறு காலத்தில் கொடுத்து ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். முட்டை கொடுத்தபோதுதான் அதிகம் ஏறியது, மற்றவற்றைப் போல் சுமார் மூன்று மடங்கு. அதில் பயன்பட்டது செறிவூட்டிய முட்டை என்பதை மறக்கக் கூடாது; கடையில் வாங்குகிற முட்டை அளவில் அதற்குக் கீழேதான்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது 2015ல் பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. பச்சைக் காய்கறி சாலடை வெறுமனே ஒரு முறையும், வெந்த முழு முட்டை சேர்த்து வேறு முறைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று முட்டை சேர்த்தபோது, காய்கறியில் இருந்த நிறப்பொருள்கள் உறிஞ்சப்படுவதே பல மடங்கு கூடியது. அதாவது முட்டை தன்னிடம் இருக்கிற லூட்டினைக் கொடுப்பதோடு, பக்கத்தில் இருக்கிற கீரையின் லூட்டினையும் உள்ளே இழுத்துவிடுகிறது.

இதை வாசித்ததும் எனக்கு நினைவு வந்தது முருங்கைக்கீரை முட்டைப் பொரியல். எத்தனை வீடுகளில் எத்தனை காலமாகச் செய்கிறார்கள்! நல்லெண்ணெயில் கடுகும் உளுந்தும் வெடித்து, சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் வதங்கி, ஆய்ந்த கீரையை அள்ளிப் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடி, கீரை சுருண்டதும் நடுவில் குழி பறித்து ரெண்டு முட்டையை உடைத்து ஊற்றி, அரை வேக்காட்டில் கிளறி உதிர்ப்பார்கள். முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டினும் லூட்டினும் ஏராளம். வேகும்போது இலை தளர்ந்து அவை வெளியே வருகின்றன, எண்ணெயும் மஞ்சள் கருவும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. கண்ணுக்கு எப்படி முட்டை சாப்பிடுவது என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: கீரையோடு சாப்பிடுங்கள். தனியாக ஆம்லெட் போட்டுச் சாப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல். பொன்னாங்கண்ணியைத் தின்றால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்பார்கள். நட்சத்திரம் தெரியாது, ஆனால் அந்தக் கீரையில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் இருக்கிற சத்து உடம்பில் சேரும்.

## ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன

அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் இரண்டு பெரிய ஆய்வுகளை நடத்தியது. 2001ல் முடிவு வந்த முதல் ஆய்வில், மேக்குலா சிதைவு நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்கு வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் சேர்ந்த கூட்டு மருந்தைக் கொடுத்தார்கள்; நோய் முற்றிய நிலைக்குப் போகும் ஆபத்து ஐந்தாண்டில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. ஆனால் புகை பிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரையால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடும் என்று வேறு ஆய்வுகளில் தெரியவந்ததால் அதற்கு மாற்று தேடினார்கள். நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற இரண்டாவது ஆய்வின் முடிவு 2013ல் வந்தது: பீட்டா கரோட்டினுக்குப் பதில் 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஸியாக்ஸாந்தினும் வைக்கலாம், பாதுகாப்பும் கூடுதல். கண் மருத்துவர் எழுதிக்கொடுக்கிற மாத்திரைகளில் இந்த அளவைப் பார்க்கலாம்.

இதில் ரெண்டு விஷயம். ஒன்று, அது நோய் ஏற்கெனவே ஒரு கட்டத்தைத் தாண்டியவர்களுக்கான மருந்து. நோயே வராமல் தடுக்கும் என்று அந்த ஆய்வுகள் காட்டவில்லை. இருபத்தைந்து வயதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறேன் என்பதற்காக லூட்டின் மாத்திரை வாங்குவது காசுக்குக் கேடு. ரெண்டு, 10 மில்லிகிராம் என்பது நாற்பது முட்டை. மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால் அதை நிறுத்திவிட்டு முட்டைக்கு மாற முடியாது.

முட்டையை நேரடியாகப் பார்த்த ஆய்வும் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் பக்கத்து நீலமலைப் பகுதியில் வசிப்பவர்களைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்து 2020ல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாக முட்டை சாப்பிட்டவர்களைவிட, இரண்டு முதல் நான்கு சாப்பிட்டவர்களுக்கு முற்றிய மேக்குலா சிதைவு வந்தது ஏறக்குறைய பாதிதான். நல்ல செய்திதான், ஆனால் இது பார்த்துக் குறித்துக்கொண்ட ஆய்வு. முட்டை சாப்பிடுகிறவர்கள் வேறு எதையெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் முடிவுக்குள் கலந்திருக்கும். மேக்குலாவைக் கெடுப்பதில் நம் கையில் இருக்கிற பெரிய காரணம் புகை. சிகரெட்டை வைத்துக்கொண்டு முட்டை எண்ணுவதில் அர்த்தமில்லை.

## அடிக்கடி கேட்கிற சில கேள்விகள்

நாட்டுக்கோழி முட்டைதான் கண்ணுக்கு நல்லதா? ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கருவின் நிறம் கோழி தின்றதைப் பொறுத்தது. பச்சை மேய்ந்த கோழியின் கருவில் லூட்டின் கூடுதலாக இருக்கலாம். ஆனால் தீவனத்தில் நிறமி சேர்த்தும் கருவை ஆரஞ்சாக்க முடியும் என்பதால் நிறத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்று மடங்கு விலை கொடுத்து வாரம் ஒரு நாட்டு முட்டை தின்பதைவிட, சாதாரண வெள்ளை முட்டையைக் கீரையோடு வாரத்தில் நாலு தரம் தின்பது புத்திசாலித்தனம்.

பச்சை முட்டை? ஜிம்முக்குப் போகிறவர்கள் டம்ளரில் உடைத்துக் குடிக்கிறார்கள், வயசுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கிற வழக்கமும் இன்னும் இருக்கிறது. பச்சையாகக் குடிப்பதால் கண்ணுக்கு எந்தக் கூடுதல் லாபமும் இல்லை. புரதம் குறைவாகச் சேரும், சால்மோனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கு வரலாம். வேகவைத்தே கொடுங்கள். அதிக நேரம் வெந்த முட்டையில் கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம் தெரியுமே, அது கருவின் இரும்பும் வெள்ளையின் கந்தகமும் சேர்ந்ததால் வருவது, கெட்டுப்போனதல்ல.

கொலஸ்ட்ரால்? ஒரு மஞ்சள் கருவில் சுமார் 185 மில்லிகிராம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு உணவில் வருகிற கொலஸ்ட்ராலைவிட நெய், வனஸ்பதி, பொரித்த பண்டங்களின் கொழுப்புதான் ரத்தக் கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுகிறது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டியே 2015ல் எடுத்துவிட்டது. ஆரோக்கியமானவருக்கு நாளுக்கு ஒன்று பிரச்சினையில்லை. சர்க்கரை நோய், இதய நோய், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் மட்டும் எத்தனை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டையே சாப்பிடாதவர்கள் என்ன செய்வது? கவலைப்பட ஒன்றுமில்லை, அளவில் கீரைதான் ராஜா என்று முன்பே பார்த்தோம். கீரையை வேகவைத்து, கடைந்து, ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் உறிஞ்சல் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும். மக்காச்சோளத்தில் ஸியாக்ஸாந்தின் இருக்கிறது. பாலிலும் நெய்யிலும் நேரடி வைட்டமின் ஏ இருக்கிறது. பப்பாளி, மாம்பழம், பூசணியில் பீட்டா கரோட்டின்.

## முட்டையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாத நேரங்கள்

மாலையில் தடுமாற்றம் என்றால் எல்லாமே வைட்டமின் ஏ குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு, அதிலும் சொந்தத்துக்குள் திருமணம் செய்த பெற்றோரின் பிள்ளைக்கு, இருட்டில் பார்வை குறைந்துகொண்டே வந்தால் அது விழித்திரையைப் பரம்பரையாகத் தாக்கும் நோயாக இருக்கலாம். பெரியவர்களுக்குக் கண்புரையாலும் ராத்திரி வண்டி ஓட்டச் சிரமம் வரும். கல்லீரல் நோய், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எடை குறைக்கச் செய்த குடல் அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால், நல்ல சாப்பாடு சாப்பிட்டும் வைட்டமின் ஏ உடம்பில் நிற்காமல் போகலாம். எது என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும், அங்கே சேதம் சத்தமில்லாமல் தொடங்கும்.

ஐம்பதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். படிக்கிற கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் மூடி, கட்டம் போட்ட கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தை வாசிக்கிற தூரத்தில் பிடித்து, நடுவில் ஒரு புள்ளி வைத்து அதையே பாருங்கள். பிறகு மறு கண். கோடுகள் நேராகத் தெரிய வேண்டும். எங்காவது நெளிந்தோ, உடைந்தோ, நடுவில் அழிந்தாற்போலவோ தெரிந்தால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், விழித்திரை மருத்துவர் இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். மேக்குலா சிதைவில் ரத்தக்குழாய் கசிகிற வகைக்கு இப்போது கண்ணுக்குள் போடுகிற ஊசி மருந்து இருக்கிறது; எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு பார்வையைக் காப்பாற்ற முடிகிறது.